பெரிய வெள்ளியில் ஒரு தட்டு உபவாசம்

இன்று பெரிய வெள்ளி. தவக்காலம் முழுக்க ஏமாற்றிய நான், இன்றாவது பட்டினி கிடப்பதென்று ஹடப்சர் பேருந்து நிறுத்தத்தில் டீ மட்டும் கேட்கிறேன். கடைக்காரர் இந்த மராத்தி ஊரிலேயே ஊறிப்போன வேலூர்க்காரர். பன்னுக்குள் வடை வைத்த வடாபாவை நீட்டுகிறார்.

"வேண்டாண்ணே, நோன்பு."

"அரே, உபவாசமா? முன்னாடியே சொல்றதில்லயா!"

வடாபாவ் உள்ளே போகிறது. நெய் மணக்கும் ஜவ்வரிசிக் கிச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் தயிரும் வந்து இறங்குகின்றன.

"அண்ணே, நான் சாப்பிடக் கூடாது."

"இது சாப்பாடே இல்ல தம்பி. இந்த ஊர்ல இதுதான் உபவாசம்."

நெய் வாசனை ஜெயிக்கிறது. இரண்டு தட்டு உபவாசத்தோடு கோவிலுக்குப் போய்ச் சேர்கிறேன். சிலுவைப்பாதையில் இயேசு முதல்முறை விழும் இடத்தில் எல்லோரோடும் முழங்காலிடுகிறேன். எழுந்திருக்க முடியவில்லை. பின்னாலிருக்கும் அம்மாள் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்.

"பாவம், காலையிலேர்ந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல போல!"