அருமைநாயகியின் செம்மறிக் கிடாய்

கோப்பாய் வெளியில் செம்மறி மேய்ப்பவர் அருமைநாயகி. குட்டிகளை வளர்த்து இறைச்சிக்காரருக்கு விற்றுத்தான் இரண்டு பெண்களைக் கரைசேர்த்தார். ஒரு கிடாயை மட்டும் விற்கவில்லை. மாதமொரு முறை அது எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு இரத்தம் கொடுத்தது. மிருக வைத்தியர் கழுத்தில் ஊசியேற்றும்போது அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆடாதை ராசா, படிக்கிற பிள்ளையளுக்கு" என்பார்.

அந்தப் பிள்ளைகளில் நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் முதலாவது பட்டதாரி. என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒரு பற்றீரியா, செங்குருதிக் கலங்களை உடைக்கும் பொருளொன்றைச் சுரக்கிறது. அதைத்தான் ஆராய்கிறேன். ஆட்டிரத்தம் கலந்த கூழைத் தட்டில் உறையவிட்டு, அதன்மேல் பற்றீரியாவைக் கீறி, இளஞ்சூட்டில் வைத்தால் வளரும்.

வைகாசியில் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. பலமுறை தட்டு வார்த்துப் பார்த்தோம். இரத்தம் கலக்காத தட்டில்கூட மெல்லிதாய் வளர்ந்தது. அப்படியென்றால் பிழை இரத்தத்தில்தான். வேறு ஆடு பார்க்கப் போவதாகச் சொல்ல நான் போனேன்.

அருமைநாயகியின் முகம் விழுந்துவிட்டது. "என்ரை மனுசன் இனி விடமாட்டார், பிள்ளை. இரத்தம் உதவாட்டி இறைச்சிக்குக் குடு எண்டு நிப்பார்."

"கிடாய்க்கு ஏதும் வருத்தமோ, அன்ரி?"

"உவனுக்கோ? நேற்றும் பக்கத்து வேலியைப் பிரிச்சவன்!" பிறகு கொஞ்சம் பெருமையாக, "போனமுறை நீங்கள் இரத்தம் எடுக்க வாறதுக்கு முதல்நாள் ஊசியும் போட்டனான்" என்றார்.

"என்ன ஊசி?"

"முந்தி உவன்ரை கால்புண்ணுக்கு டொக்டர் தந்த பெனிசிலின். மிச்சம் கிடந்தது. கிருமியோடை இரத்தம் குடுக்கலாமோ? கோயிலுக்குப் பால் குடுக்கேக்கை செம்பைக் கழுவித்தானே குடுக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்ரி, எனக்குக் கிருமிதான் வேணும்! உந்த ஊசிதான் அதை வளரவிடேல்லை."

"ஐயோ, உதை முதலே சொல்லியிருக்கலாமே!"

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மருந்து உடலைவிட்டுப் போகும்வரை காத்திருந்து மறுபடி இரத்தம் எடுத்தோம். தட்டை இளஞ்சூட்டிலிருந்து வெளியே எடுத்த காலையில், கணவர் இராசநாயகத்தையும் இழுத்துக்கொண்டு அருமைநாயகி ஆய்வுகூட வாசலில் நின்றார்.

தட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். செக்கச் சிவந்த பரப்பில் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி இரத்தம் அழிந்து, கண்ணாடிபோல் தெளிந்த வட்டம். அதனூடாக வெளியே நின்ற வேம்பின் பச்சை தெரிந்தது.

"புள்ளி அசையேல்லை. சுத்தியிருந்த இரத்தம் எங்கை?" என்றார் அருமைநாயகி.

"நிண்ட இடத்திலை நிண்டே ஒண்டைச் சுரக்கும், அன்ரி. அது ஊறிப் போற இடமெல்லாம் கலம் உடையும்."

"வாயில்லாமல் தின்னுது" என்றார் மெதுவாக.

நான்கு வருடமாக அந்தப் பொருளின் பெயரை எழுதிவந்தவள் நான். அது செய்வதை அன்றுதான் பார்த்ததுபோல் மயிர்க்கூச்செறிந்தது.

இராசநாயகம் தொண்டையைச் செருமினார். "அடுத்த மாதமும் வருவியளோ?"

"ஓம், ஐயா."

"அப்ப கிடாய் நிக்கட்டும்."

அருமைநாயகி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தட்டுக்கு இன்னும் கிட்டப் போய்க் குனிந்துகொண்டிருந்தார்.