குழாயில் கேட்ட மூன்று தட்டு

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக் கஸ்தூரியின் வணக்கம். போன ஆடி மூன்றாம் வெள்ளியன்று என் வீட்டுக்காரர் உயிரோடு மண்ணுக்குள் போனார். அன்று நான் கேட்ட சத்தம் இன்றைக்கும் என்னை விடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் ராஜேந்திரன். தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர். கடவுள் இல்லை என்பவர். கூழ் அண்டாவைக் கோயில் வாசல்வரை தூக்கி வருவார், படி தாண்ட மாட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக எங்களுக்குள் ஒரே சண்டைதான். "இருக்கா இல்லியான்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல கடவுள்னா இன்னான்னு ஒரு வரியில சொல்லு" என்பார். நானும் வாயாடி. விடுவேனா?

உலகத்தைப் படைத்தவள் என்றால், அவளைப் படைத்தது யார் என்பார். அன்புதான் கடவுள் என்றால், "அன்பை நானும்தான் நம்பறேன். அதுக்கு எதுக்கு இன்னொரு பேரு?" என்பார். சக்தி என்றால், "கரண்டும் சக்திதான். மாசாமாசம் பில்லு வருது" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டில் இருந்தார். மதியம் கூழ் ஊற்றி முடித்து வந்த மிதப்பில் நானே ஆரம்பித்தேன். "கூப்பிட்டா பதில் குடுக்கறவதான் கடவுள். போதுமா?"

அவர் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "இத ஒத்துக்கறேன். அப்ப கூப்பிட்டும் பதில் வரலேன்னா, இல்லேன்னு நீ ஒத்துக்கணும். சரியா?"

"சரி" என்றேன்.

"உங்கப்பாவுக்காக உங்கம்மா மூணு நாள் கூப்ட்டாங்களே. பதில் வந்துதா?"

என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். எனக்கு எட்டு வயதில் பாறை வெடித்துச் சரிந்து கீழே மாட்டிக்கொண்டார். சுரங்கத்துக்குள் காற்று கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் இருந்தன. மாட்டிக்கொண்டவர் உயிரோடு இருந்தால் கல்லை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டுவார். மேலே கேட்டவர் திருப்பி மூன்று தட்டியே ஆக வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறோம் என்று அதற்கு அர்த்தம். அப்பாவின் தட்டு முதல் நாள் மட்டும் கேட்டது. பிறகும் இரண்டு நாள் மேலே இருந்தவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அம்மா சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா உயிரோடு வரவில்லை.

எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. "என் மூஞ்சியில முழிக்காதீங்க, போங்க" என்று கத்தினேன். சாப்பிடாமல் எழுந்து போனார்.

நாலரை மணியாகியும் வரவில்லை. போன் போகவில்லை. ஆண்டர்சன்பேட்டை கடைப்பக்கம் விசாரித்தேன், யாரும் பார்க்கவில்லை. கோபம் வந்தால் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய சுரங்கக் காட்டுப் பக்கம் நடப்பார். நாலு நாளாக மழை. அங்கே நிலம் எங்கே உள்வாங்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் அங்கே ஓடினேன்.

உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அம்மனைக் கூப்பிட வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? கூப்பிட்டு அவளும் பேசாமல் இருந்துவிட்டால், நான் சரி என்று சொன்ன வார்த்தை இருக்கிறதே. அவரும் போய், அவளும் போய்விட்டால் எனக்கு யார்?  சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் இப்படித்தான் வேண்டினேன். "நான் சொன்ன அர்த்தமெல்லாம் தப்பாவே இருக்கட்டும். நீ இன்னாவா வேணா இரு. அவர காட்டு."

டங். டங். டங்.

இரும்புத் திருடர்கள் விட்டுவைத்த துருப்பிடித்த குழாய் ஒன்று புதருக்குள் ஓடியது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது. சற்று நேரம் விட்டு மறுபடியும் மூன்று. குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் புதிதாக ஒரு பள்ளம். இரண்டு ஆள் ஆழத்து இருட்டில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் லைன் ஆட்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். என்னை விலக்கி நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் மண்ணைத் தோண்டித் தூக்கிவிட்டார்கள். கால் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள்தான் நன்றாகப் பேசினார். "நீ தட்டிக்கினே இருந்ததாலதான் கண்ண மூடாம இருந்தேன் கஸ்தூரி."

"நான் எங்க தட்டினேன்? நீங்கதான தட்டினீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "நெஞ்சு வரைக்கும் மண்ணு. ரெண்டு கையும் உள்ள மாட்டிக்கினு இருந்துது. நான் எப்டி தட்டுவேன்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 

அது அம்மனா, என் அப்பாவா, எனக்குத் தெரியாது. கீழே தண்ணீர் ஏறியிருக்கும், குழாய் ஆடியிருக்கும் என்கிறார் அவர். இருக்கட்டுமே. அன்றைக்கு அது ஏன் மூன்று மூன்றாக ஆட வேண்டும்? அவர் இன்னும் கோயில் படி ஏறுவதில்லை. நானும் இப்போது கடவுளுக்கு அர்த்தம் சொல்வதில்லை. விளக்கேற்றிக் கும்பிடுகிறேன், கண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் தாயை வாதத்தில் ஜெயிக்கும் பொருளாக்கி வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருக்கிறது. என் தாலியைக் காத்தவளுக்கு என் உயிர் உள்ளவரை நன்றி.

உங்களில் யாராவது, அவள் யார், எப்படி இருப்பாள் என்று விளங்காமல் தவித்துக்கொண்டிருந்தால், விளங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெரியாமலே கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தைச் சுற்றி இப்போது முள்வேலி போட்டிருக்கிறார்கள். கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததிலிருந்து அவர் வெள்ளிக்கிழமைதோறும் வேலைக்குப் போகும் முன் அங்கே போகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். வேலிக்கு வெளியே கிடக்கும் குழாயில் கல்லால் மூன்று முறை தட்டினார்.

"யாருக்கு தட்டறீங்க?"

"தட்டினவங்களுக்கு. கேட்டவன் திருப்பித் தட்டணும் இல்ல?"

"அது யாருன்னு ஒரு வரியில சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

அவர் கஷ்டப்பட்டுக் குனிந்து, குழாயில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தரம் சொன்னேன். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.