வரக்கூடாத ஆம்

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். இயற்பியல் ஆய்வாளர்தான், ஆனால் லேசர் கண்ணாடிகளை மயிரிழை பிசகாமல் திருப்பி வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கட்டடத்தின் ஒரு கோடி அறையில் அவள். மறுகோடியில் அவள் கணவன். நடு அறையில் பிறக்கும் இரட்டை ஒளித்துகள்கள் ஆளுக்கொன்றாக வந்து சேரும். வந்த துகளிடம், கண்ணாடியைத் திருப்பும் கோணத்தால், இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும். இரு பக்கத்துப் பதில்களையும் கோர்ப்பது கணவனின் கணினி.

ஒரு பக்கம் முதல் கேள்விக்கு ஆம் என்றால், எதிர்ப்பக்கம் இரண்டாம் கேள்விக்குக் கட்டாயம் ஆம். ஆனால் இரண்டாம் கேள்விக்கு இரு பக்கமும் சேர்ந்து ஆம் சொல்வதேயில்லை. துகள்கள் பதிலைக் கையோடு கொண்டுவருகின்றன என்றால், முதல் கேள்விக்கும் இரு பக்கமும் ஒருசேர ஆம் வர வழியில்லை; வந்தால் இரண்டாம் கேள்விக்கும் இரண்டின் கையிலும் ஆம் இருந்தாக வேண்டுமே. குவாண்டம் கணக்கோ, எப்போதாவது வரும் என்றது. வந்தால், எவ்வளவு விலகியிருந்தாலும் அவற்றைத் தனித்தனி ஆளாக நினைக்கக்கூடாது என்று பொருள்.

வருஷக்கணக்காக அந்த இரட்டை ஆம் வரவில்லை. கூட்டங்களில் மற்ற ஆய்வாளர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "விடு, நமக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்" என்று கணவன் தேற்றுவான்.

அவன் அம்மை போட்டுப் படுத்தபோது, இரு பக்கத்தையும் அவளே தன் கணினியில் கோர்த்தாள். மதியத்துக்குள் இரட்டை ஆம் வந்துவிட்டது. கண்ணாடிகளை மறுபடி சரிபார்த்தாள். மறுபடியும் வந்தது.

வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்றாள்.

"இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். "வந்ததையெல்லாம் கோளாறான சிக்னல்னு வடிகட்டிட்டேன். அப்படி வர வாய்ப்பே இல்ல, லாஜிக் இடிக்குது."

"இடிக்குதான்னு பாக்கத்தானே உக்காந்தோம்."

"வெளிய சொன்னா சிரிப்பாங்க. உன் நல்லதுக்குத்தான்."

"என்னைப் பாத்துச் சிரிச்சப்போ பக்கத்துலதானே இருந்தீங்க?"

அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வேறொருவரை மறுகோடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். முடிவு மாறாமல் நின்றது. கட்டுரையில் கணவன் பெயர் இல்லை, அவனும் கேட்கவில்லை. பாராட்டுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். வெளியே மழையில்லை என்று அவன் சொன்னால், அவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்.