குடத்துப் பெட்ரோல்

தாளித்த வாசனை வந்தால் அது அடுப்படியிலிருந்துதான் வருகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத காலம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. காரிலிருந்தும் வரும். ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று மாமா கடுகை அரைத்து அதற்குள் கொட்டியிருந்தார். கடுகு ஊறி ஓட்டையை அடைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் எஞ்சின் சூடேறியதும் தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசை முழுக்கச் சாம்பார் மணக்கும். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதென்று பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி வருவார்கள்.

மலாயாவில், தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பெரிய துரையின் கார் டிரைவராக இருந்தவர். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதி காடாகப் போனபோது துரை கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். அவருடைய பழைய கார் கொட்டகையிலேயே கிடந்தது. ஓடாத அந்தப் பெரிய வண்டியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. போகிற போக்கில் துரை, “வேண்டுமானால் நீயே வைத்துக்கொள்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அம்மாவின் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அவர்தான் மாமா. தோட்டத்து ஆலையில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். ஆலை நின்றுபோனதால் அவருடைய கைகள் பிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தன.

அது நாலு பக்கமும் மூடிய கார். உள்ளே சாம்பல் நிறக் கம்பளி மெத்தை, ஜன்னலுக்குப் பட்டுத் திரை, பூ வைக்க ஒரு கண்ணாடிக் குவளை. முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு உண்டு. பின்னால் இருக்கும் எஜமானர்கள் டிரைவருக்குக் கட்டளையிட ஒரு பேசுங்குழாய் இருந்தது. பின்னால் ஒரு வாய், அப்பாவின் காதோரம் இன்னொரு வாய். அந்தக் குழாயில் துரைசானியின் குரல் வந்ததும் வண்டியைத் திருப்பியும் நிறுத்தியும் பழகியவர் அப்பா.

கூட்டாளிகள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு வண்டி துரை விட்டுப்போனபடியே இருக்க வேண்டும். காலையில் துடைப்பார், மாலையில் துடைப்பார். மாமாவுக்கு வண்டி ஓட வேண்டும். அதற்காக எதையும் வெட்டுவார். கூரை ஒழுகியதும் புகை போட்ட ரப்பர் ஷீட்டை மேலே ஒட்டினார். டயருக்குள் போட டியூப் கிடைக்காதபோது லாலான் புல்லைத் திணித்தார்.

“துரை பாத்தா என்ன நெனைப்பாரு?” என்று அப்பா தலையில் கை வைப்பார்.

“துரை எங்கே பாக்குறது மச்சான்? அவரு அங்கே குளிர்ல கம்பளி போத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீங்க அந்த ஸ்பேனரை எடுங்க.”

இந்த நிலையில்தான் அப்பாவின் தங்கையை, என் அத்தையை, ஜொகூர் பாருவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நகரத்துத் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் அவருடைய பெரியப்பா. அத்தை விவரம் தெரிந்த நாளிலிருந்து பால் மரம் வெட்டியவள், ரப்பர் பட்டையில் சரிவாகக் கோடு கீறி மங்குக் கிண்ணத்தில் பால் இறக்கியவள். பெரியப்பா அவள் கையைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், கொட்டகையில் கதவு கழற்றிக் கிடந்த காரையும் பார்த்தார்.

“எங்க வீடு மேட்டு மேல இருக்கு. பொண்ணை எப்படிக் கொண்டாருவீங்க?”

“கார்ல” என்றார் அப்பா.

“இந்தக் கார்லயா? தள்ளிக்கிட்டா?” அவர் சிரித்தார். “பரவால்ல, எதுக்கும் மேட்டு மேல ஒரு மாட்டு வண்டியைப் பூட்டியே வச்சிருக்கேன்.”

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. பெரியவர்கள் கிளம்பிப் போனதும், “என் தங்கச்சி மாட்டு வண்டியில போய் அந்த ஆளு வாசல்ல எறங்கக் கூடாது. என்ன வேணாலும் வெட்டிக்க” என்று மாமாவிடம் சொன்னார். மாமாவுக்கு அதைவிடப் பெரிய வரம் வேறில்லை.

எல்லாம் சரியாகி வந்த நேரத்தில் பெட்ரோல் டாங்கி காலை வாரியது. அடிப்பக்கம் முழுக்கத் துரு. ஈயம் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை விழும். மறுநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்போது அவளுடைய பித்தளைக் குடத்தைக் காணவில்லை. தாய்வீட்டுச் சீராக வந்த குடம் அது. தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குடம் காருக்குள், பின் இருக்கைக்குப் பின்னால், ஒரு பலகைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் ஓட்டை போட்டு, ஒரு செப்புக் குழாயைப் பற்றவைத்து, இருக்கைக்கு அடியில் எஞ்சின் வரைக்கும் மாமா கொண்டுபோயிருந்தார்.

“சிவன் கோயில்ல லிங்கத்துக்கு மேல தாராபாத்திரம் தொங்கும் பாருக்கா, அது மாதிரிதான். மேலேருந்து சொட்டுச் சொட்டா எறங்கும்.”

“லிங்கம் எழுந்து ஓடுமாடா?” என்று கேட்டாள் அம்மா. அதற்கப்புறம் கல்யாணத்தன்று காலை வரைக்கும் அவள் தன் தம்பியோடு பேசவில்லை. அன்று காலை மட்டும், யாரையும் பார்க்காமல், குடத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் பட்டுச் சேலையில் அத்தை, அம்மா, நடுவில் நான், எங்கள் தலைக்குப் பின்னால் குடம். அப்பா துரை காலத்துத் தொப்பியை அணிந்திருந்தார். வழியில் இருந்த சின்னச் சின்ன மேடுகளை வந்த வேகத்திலேயே தாண்டிவிட்டோம். எதிரே வந்த லோரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாமா ஹார்னில் இருந்து கையை எடுக்கவேயில்லை. நான் அத்தையிடம், “இனிமே நாம தினம் இதுல போலாமா?” என்று கேட்டேன். அவள் என் தலையைத் தடவினாள்.

ஊருக்குள் நுழைந்து மாப்பிள்ளை வீட்டு மேட்டில் பாதி ஏறியதும் வண்டி இருமியது. இரண்டு முறை குலுங்கி நின்றது.

மாமா குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் குழாயில் வாய் வைத்து ஊதினார். வண்டி உயிர் பெற்று, ஒரு முழம் ஏறி, மறுபடி செத்தது. அண்ணாந்து பார்த்தேன். மேட்டின் விளிம்பு முழுக்கத் தலைகள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கையை ஆட்டி யாரையோ கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. பூட்டி வைத்திருந்த மாட்டு வண்டி மெதுவாக, மிக மெதுவாக, எங்களை நோக்கி இறங்கி வந்தது. ராகு காலம் பிறப்பதற்குள் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தன் பக்கத்துப் பேசுங்குழாயில் பேசினார்.

“எறங்கிக்கம்மா. நேரமாகுது.”

மாட்டு வண்டிக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்திவிட்டு, வைக்கோலைத் தட்டி இடம் பண்ணினார். “வாம்மா, எங்க மாட்டுக்குக் கடுகெல்லாம் வேணாம்” என்று தாளித்த வாசனையை முகர்ந்தபடி சிரித்தார்.

அத்தை வைக்கோலைப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்கள் தலைக்குப் பின்னால் இருந்த குடத்தைப் பார்த்தாள். முன் கண்ணாடி வழியாக, வானத்தை நோக்கி நிமிர்ந்து நின்ற எஞ்சினைப் பார்த்தாள். பேசுங்குழாயைக் கையில் எடுத்தாள்.

“அண்ணே, வாட்டம் தப்பா இருக்குண்ணே. மேல பாத்துக் கோடு போட்டா பால் மங்குக்கு வருமா? குடம் கீழ கெடக்கு, எஞ்சின் மேல நிக்குது. வண்டியைத் திருப்புங்கண்ணே.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். பின்னாளில் வாத்தியார் கரும்பலகையில் இரண்டு பாத்திரங்களை வரைந்து, உயரத்தில் இருக்கும் நீர்தான் தாழ்ந்த இடத்துக்கு ஓடும் என்று விளக்கியபோது, “இதை எங்க அத்தை கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாங்க சார்” என்று எழுந்து சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை.

“பின்னாலயேவா ஏறுறது?” அப்பாவின் குரல் குழாயில் வந்தது. “மேல அத்தனை பேரு நிக்கிறாங்க. துரையை ஒரு நாள்கூட நான் பின்பக்கமா கொண்டுபோனதில்லம்மா.”

“துரை எங்கேண்ணே இருக்காரு? உள்ள உக்காந்திருக்கிறது நான்தானே? நான் சொல்றேன், திருப்புங்க.”

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, அந்தக் குழாயில் கட்டளை வந்தால் எப்போதும் செய்வதுபோல, “சரிம்மா” என்றார்.

“அலமாக்! நமக்கு இது தோணலையே மச்சான்!” என்று மாமா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வண்டியை அடிவாரம் வரை உருளவிட்டு, அகலமான இடத்தில் திருப்பினார்கள். இப்போது வண்டியின் முகம் ஊரைப் பார்த்தது. எங்கள் முதுகு மேட்டைப் பார்த்தது. மாமா எஞ்சினைக் கிளப்பச் சாவிக்கம்பியைப் போட்டுச் சுழற்றினார். அப்பா தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பின் கியர் அழுதுகொண்டே விழுந்தது. வண்டி ஏறத் தொடங்கியது.

முதலில் நடை வேகம். குடம் இப்போது எஞ்சினுக்கு மேலே இருந்தது. குழாயில் பெட்ரோல் இறங்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டதாக நினைவு. நின்றுபோன இடத்தைத் தாண்டினோம். வண்டி நிற்கவில்லை. மாமா கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். “வருது! வருது! நிறுத்தாதீங்க மச்சான்!” அம்மா எழுந்து, தன் குடத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒதுங்கி நின்ற மாட்டு வண்டிக்காரருக்கு வேறு வழியில்லை. எங்களுக்குப் பின்னால், அதாவது முன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். மாடுகள் இரண்டும் எங்கள் காரின் விளக்குகளை முகத்துக்கு முகம் பார்த்தபடி, தாளித்த வாசனையை முகர்ந்துகொண்டே மேடு முழுவதும் நடந்து வந்தன. நான் எழுந்து நின்று அவற்றுக்கு நாக்கை நீட்டிக் காட்டினேன்.

மேலே நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேளக்காரர்களில் யாரோ ஒருவர் பொறுக்க முடியாமல் ஓங்கி ஒரு தட்டு தட்டினார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த முழக்கத்தோடு எங்கள் காரின் பின்பக்கம் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றது.

பெரியப்பா இடுப்பில் கை வைத்து நின்றார். “என்னப்பா இது, உங்க ஊர்ல காரெல்லாம் பின்னாலதான் ஓடுமா?”

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் வாய் ஓயவில்லை. “பொண்ணுதானே பெரியவரே மொதல்ல வரணும்? முன்னால வந்திருந்தா எங்க மச்சான் மூஞ்சியை இல்ல மொதல்ல பாத்திருப்பீங்க!”

வாசலே சிரித்தது. பெரியப்பாவும் உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். அதற்குள் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நெருங்கினார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. அதைக் கண்ட மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். “ஐயையோ, நெருப்பு வேணாம்! கிட்ட வராதீங்க தாயி! உள்ள குடத்துல பெட்ரோல்!” ஆரத்தி பின்வாங்கியது. மேளம் பின்வாங்கியது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் மரியாதையாகத் தூரப் போய் நின்றார்கள். வெட்டவெளியில் அத்தை மட்டும் தானே கதவைத் திறந்து இறங்கி, நிமிர்ந்து நடந்து போய், ஆரத்திக்கு முன்னால் நின்றாள். ராகு காலம் இன்னும் பிறக்கவில்லை.

மாப்பிள்ளை முறை தவறி வாசலுக்கே வந்துவிட்டார். நேராகக் காருக்குள் தலையை விட்டுக் குடத்தைப் பார்த்தார், குழாயைத் தடவிப் பார்த்தார், மேட்டைத் திரும்பிப் பார்த்தார். குழாய் வேலைக்காரர் அல்லவா!

“திருப்பி ஏத்தச் சொன்னது யாரு?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா அத்தையைக் காட்டினார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் இப்படிப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து சாயங்காலம் திரும்பினோம். புதுப்பெண்ணுக்குத் துணையாக அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். காலையில் அத்தை உட்கார்ந்து வந்த பின் இருக்கை முழுவதும் எனக்கே. கம்பளி மெத்தையில் காலை நீட்டிப் படுத்தேன், உருண்டேன், ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. முன்னால் மாமா பெரியப்பாவின் முகம் போன போக்கை மறுபடி மறுபடி நடித்துக் காட்டினார். அப்பா சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்துச் சாலைக்குள் நுழைந்த பிறகு எனக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. பேசுங்குழாயை எடுத்து, அத்தையின் குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

“வண்டியைத் திருப்புங்கண்ணே.”

வண்டி நின்றது.

மாமாவின் பேச்சும் நின்றது. அப்பா ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அசையாமல் இருந்தார். திரும்பி என்னை அதட்டவும் இல்லை. இருபுறமும் ரப்பர் மரங்கள். அவ்வளவு நேரம் கேட்காத பூச்சிச் சத்தம் கேட்டது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நான் இருக்கைமேல் ஏறிக் குடத்து மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக் குடத்துக்கு மேல் தளும்பிக்கொண்டிருந்தது. சாலையை எட்டிப் பார்த்தேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பின்னே வண்டி ஏன் நின்றதென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.