தகராறு வேறு, டிஸ்பியூட் வேறு

பிறர் சண்டைக்குச் சரியான வார்த்தை தேடுவதுதான் தாலுகா நிருபரின் பாதிப் பிழைப்பு; தப்பான வார்த்தையைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு மீதிப் பாதியும் தெரியும்.

பஸ் கிளம்புகிற நேரம்

அப்போதெல்லாம் சங்கரன்கோவில் செய்தியைக் கவரில் போட்டு நெல்லை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால்தான் மறுநாள் பேப்பரில் வரும். பனவடலிசத்திரத்தில் அண்ணன் வேல்சாமிக்கும் தம்பி சுப்பையாவுக்கும் பொதுக் கிணறு. பங்கு கேட்டுத் தம்பி வழக்குப் போட்டிருந்தார். கிணற்றை அளக்க வந்த அதிகாரியின் குறிப்பில் 'டிஸ்பியூட்' என்று இருந்தது. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. 'கிணற்றுக்காக அண்ணன், தம்பி தகராறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் வேல்சாமி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகளைப் பெண் கேட்டிருந்த கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, சண்டைக்காரக் குடும்பம் என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டார்களாம்.

"தகராறுன்னா குடிச்சிட்டு வேட்டி அவுந்து கெடக்குதது வே! நாங்க கோர்ட்டுல நம்பர் வாங்கி, மரியாதையா டிஸ்பியூட்டுல இருக்கோம்."

திருத்தம்

திருத்தம் போடச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்தேன். துணை ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார், பக்கம் புரட்டுகிற சத்தமும் கேட்டது.

"அகராதியைப் பாத்துட்டேன், ரெண்டும் ஒண்ணுதான், போனை வையும்."

பைக்கில் வந்தவர்

அன்று மதியம் சுப்பையா வந்தார். அடுத்த மண்டகப்படி என்று நினைத்தேன். "வண்டியில ஏறுங்க அண்ணாச்சி, கரிவலத்துக்குப் போவோம்" என்றார். போகிற வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

மாப்பிள்ளை வீட்டில் அவர் உட்காரவில்லை. "பொண்ணோட அப்பா மேல கேஸ் போட்டவன் நான். கிணத்தை விட மாட்டேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் கை வச்சதில்ல. பிள்ளைக்கு நான் சித்தப்பன், சொல்லுதேன், அவ தங்கம்" என்றார். எழுதியது என் தப்பு என்று நானும் ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியைச் சுப்பையா பக்கம் இழுத்துப் போட்டார்.

"எதிராளியே வந்து நல்லவிதமாச் சொல்லும்போது இனி யாருகிட்டப் போயி விசாரிக்க? உக்காந்து டீயக் குடிங்க, சம்மந்தி."

கல்யாணமாகி அந்தப் பெண்ணின் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகிறார்கள், வழக்கும் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வாய்தா நாளில் அண்ணன், தம்பியில் முதலில் பஸ் ஏறுகிறவர் மற்றவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து, வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் வந்து இறங்குவதற்கு என்ன பெயர் என்றுதான் எனக்கு இன்றுவரை எழுதத் தெரியவில்லை.