இரண்டாவது லைஃப் ஜாக்கெட்

மூன்று வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு வார இறுதி. இடம், ஸ்பெயினில் பாலைவனம் என்றே சொல்லிவிடக்கூடிய வறண்ட பிரதேசத்தின் நடுவே இருக்கும் பெரிய நீர்த்தேக்கம். லண்டன் பிளேஸ்டோவில் குடியிருப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மீன் பிடிக்கப் போனேன். வால்தம்ஸ்டோ நீர்த்தேக்கக் கரையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் தூண்டில் போட்டு, மீன்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் வீடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு.

அதற்கு முந்திய ஒக்டோபரில் என் மனைவி இறந்துபோனாள். எங்கள் சனத்திடம் ஒரு வசதி இருக்கிறது. சாவுச் செய்தியை வீட்டுக்காரன் தன் வாயால் சொல்லவேண்டிய தேவையே வராது. அப்டன் பார்க்கில் மீன்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் மாதா கோயில்காரர், என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணை என்று கூப்பிடுபவர், எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். ரேடியோவில் அறிவித்தல், இணையத்தில் படம், பூசையில் பெயர். நான் வேலைக்குத் திரும்பியபோது அங்கேயும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிர்ப்படுகிறவர்கள் தலையைச் சற்றுச் சரித்துப் பார்ப்பார்கள். நானும் சரித்துக்கொள்வேன். அத்துடன் விஷயம் முடிந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க, அவள் இறந்துவிட்டாள் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அண்ணைதான் ஆரம்பித்தார். "ஐசே, உப்பிடியே வீட்டுக்குள்ள கிடந்து புத்தகம் வாசிச்சால் உமக்குப் பூஞ்சணம் பிடிச்சிடும். ஸ்பெயினில மீன்பிடி காம்ப் ஒண்டு இருக்காம். கெளிறு மீன் ஆள் நீளத்துக்குப் படுமாம். நானும் வாறன், போவம்."

இருவருக்கும் பதிவு செய்தோம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு போன் வந்தது. பேத்திக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை கொடுக்கும் சடங்காம், மறந்துவிட்டாராம்.

"வருஷம் முழுக்க ஆயத்தம் செய்யிற விஷயத்தை எப்பிடி அண்ணை மறந்தனீங்கள்?"

"ஒன்பது பேரப்பிள்ளையள் இருந்தால் உமக்கு விளங்கும். நான் வந்தால் மனிசி என்னைக் கொன்றுபோடும். நீர் போயிட்டு வாரும்."

போனேன். அறையில் இரண்டு கட்டில்கள். மற்றக் கட்டில் வெறுமையாகத் தெரிந்ததால் என் பெட்டியை அதில் படுக்கவைத்தேன்.

மறுநாள் காலை படகுத்துறையில் பொறுப்பாக இருந்த பெண்மணி, கறாரான முகம், பதிவைப் பார்த்து, இரண்டு பேர் அல்லவா என்றார். பிறகு என் விரலிலிருந்த மோதிரத்தைப் பார்த்து, மனைவியா என்று கேட்டார். இல்லை, நண்பர், அவர் வரவில்லை என்று சொல்வதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் மனைவியா என்று யாராவது கேட்டால் என் தலை எத்தனையோ வருடமாக ஆடிப் பழகியது. அது ஆடிவிட்டது. கரையோரமாக நடந்து வருகிறாள், அந்த முனையில் ஏற்றிக்கொள்வேன் என்று மிச்சத்தை வாய் சேர்த்துக்கொண்டது. காலமெல்லாம் கதைப் புத்தகம் படித்ததற்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். அவர் இரண்டு லைஃப் ஜாக்கெட் தந்தார், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், அதற்குள் திரும்பிவிடுங்கள் என்று எச்சரித்தார்.

ஒரு மரம்கூட இல்லாத மண்ணிற மலைகள். அவற்றின் நடுவே, இங்கே எப்படி வந்தோம் என்று தனக்கே தெரியாதது போல அவ்வளவு தண்ணீர். சின்ன ஜாக்கெட்டை எதிர் இருக்கையில் வைத்துத் தூண்டிலைப் போட்டேன். வால்தம்ஸ்டோவில் அவள் கரையிலிருந்து ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பாள். உன் சத்தத்துக்குத்தான் மீன் வருவதில்லை என்று நான் எரிந்து விழுவேன். அன்று காலை முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. மீனும் இல்லை. குற்றம் அவளுடையது அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எதிரே ஆள் இல்லை.

அந்த இரண்டு கட்டில் அறைக்குத் திரும்ப மனம் வராததால் மத்தியானம் தாண்டியும் இருந்துவிட்டேன். காற்று சொன்னபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் குளம் கடல் மாதிரி ஆகிவிட்டது. அவசரத்தில் தூண்டிலைச் சுருட்டாமலே எஞ்சினை முடுக்க, என் நூலே விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றது. அந்தப் பயணத்தில் என் தூண்டிலில் சிக்கியது என் படகு மட்டும்தான். நங்கூரத்தைப் போட்டேன், கயிறு அடியைத் தொடவில்லை. போனில் சிக்னல் இல்லை. படகு பக்கவாட்டில் சரிந்த ஒரு தடவை, சின்ன ஜாக்கெட் எழும்பிப் பறந்து தண்ணீரில் விழுந்து, தோள்களை உயர்த்தியபடி தள்ளித் தள்ளிப் போய்விட்டது. பாறைகள் பக்கமாக நான் இழுபட்டேன். பயந்தேன். அதில் வேடிக்கை பண்ண ஒன்றுமில்லை.

நேரமாகியும் நாங்கள் திரும்பாததைக் கண்டு படகுத்துறைப் பெண்மணி அனுப்பிய மீட்புப் படகு ஒருவழியாக வந்தது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, மற்றவர் முன்னால் நின்றார். என் வயது, என் அளவு வயிறு. சட்டையைக் கழற்றிவிட்டிருந்தார், காலில் சப்பாத்து இல்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் அந்தச் சின்ன ஜாக்கெட் நனைந்து கிடந்தது. அதைக் கண்டதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வழியெல்லாம் அவர்கள் "சென்யோரா, சென்யோரா" என்று என் மனைவியைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மனைவி எந்த இடத்தில் விழுந்தார் என்று அவர் ஆங்கிலத்தில் கத்தினார். யாரும் இல்லை, யாரும் இல்லை என்று நான் கையை ஆட்டினேன். காற்று பாதியைக் கொண்டுபோயிற்று. மிச்சப் பாதியை அவர் நம்பவில்லை. அதிர்ச்சியில் உளறுகிறான் என்று நினைத்திருப்பார். நான் ஆட்டிய கை காட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு காலை விளிம்புக்கு வெளியே போட்டார். எங்கோ தூரத்து மலைகளின் பனி உருகி ஆற்றோடு வந்த தண்ணீர் அது, அலையும் அப்படி. இன்னும் ஒரு விநாடி போனால் இந்த மனிதர், இல்லாத ஒருத்திக்காக அதில் குதித்துவிடுவார்.

ஆடுகிற படகில் எழுந்து நின்று கத்தினேன். "அவள் தண்ணீரில் இல்லை! என் மனைவி இறந்துவிட்டாள்! லண்டனில்! ஒக்டோபரில்!"

முதன்முதலாக அதைச் சொன்னது அப்படித்தான். வேற்று மொழியில், தொண்டை கிழிய, முன்பின் தெரியாத ஒருவருக்கு.

அவர் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலை உள்ளே எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கயிற்றை எறிந்து கட்டிவிட்டு, என் படகுக்குள் இறங்கி எதிரே உட்கார்ந்தார். கரை வரும்வரை ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அவள் பெயர் என்ன என்று. சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். எங்கள் எழுத்துகள் அவர் வாய்க்குள் நொறுங்கின. நான் திருத்தவில்லை.

திட்டும் வேலையைப் படகுத்துறைப் பெண்மணி செய்தார். ஒருவர் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால், அவரைத் தேடாமல் எங்களால் திரும்ப முடியாது, தெரியுமா என்றார். தெரியாது என்றேன். உண்மையில் தெரிந்திருக்கவில்லை.

லண்டன் திரும்பியதும் மீன்கடைக்குப் போனேன். "எங்க ஐசே கெளிறு?" என்றார் அண்ணை, கத்தியைத் துடைத்தபடி.

"அவ செத்துப்போனா அண்ணை."

கத்தியைக் கீழே வைத்தார். "தெரியும்தானே ஐசே. நான்தானே ரேடியோவுக்குக் குடுத்தனான்."

"ஓம். நான் இப்பத்தான் சொல்லுறன்."

வரிசையில் நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். மீன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து நெடுநேரம் அவளைப் பற்றிக் கதைத்தோம்.

ஸ்பெயினில் அந்த மனிதரிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஆனால் அவளை நினைக்கும்போது இப்போது அவள் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டில் முதலில் வருவதில்லை, அவள் இன்னும் பிழைப்பாள் என்று நம்பி வெறுங்காலோடு படகின் விளிம்பில் நிற்கிற ஒருவர்தான் வருகிறார்.