மைக் அக்காவின் சனிக்கிழமைகள்

இப்போதும் சனிக்கிழமை விடிந்தால் மைக் அக்காவுக்குக் கை பரபரக்கும். காபியை ஆற்றிக்கொண்டே மடிக்கணினி இருக்கும் மேசைப் பக்கம் கண் போகும்.

"கூட்டம்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்னத்தத் தேடுற?" என்று கணவர் சீண்டுவார்.

"பழக்கதோஷம், விடுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள். கொடியில் சட்டையை உதறும்போதும் காதுக்குள் அந்தக் குரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அவள் ஒரு கல்லூரி நூலகர். சின்ன நூலகங்கள் தங்கள் புத்தகங்களைக் கணக்கு வைத்துக்கொள்ள இலவச மென்பொருள் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம். அவரவர் பிழைப்பு போக மிஞ்சிய நேரத்தில் சிலர் சேர்ந்து அதை வளர்த்து வந்தார்கள். அக்கா அதைத் தன் நூலகத்தில் போட்டுப் பார்த்து, "தேடினா பாதி புத்தகம் வரவே மாட்டேங்குது" என்று சண்டை போடத்தான் முதலில் அவர்களைத் தேடிப் போனாள். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

அப்போதெல்லாம் கூட்டம் ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் நடக்கும். பஞ்சர் ஒட்டும் பசையும் எண்ணெயும் கலந்த வாடை. நாற்காலி கிடைக்காதவர்கள் டயர் அடுக்கின் மேல் ஏறி உட்காருவார்கள். மேசை விசிறி ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் என்பதால், வெயில் காலத்தில் அந்தப் பக்கத்துக்கு அடிதடி. கடைக்காரரின் தம்பிதான் முக்கால்வாசி நிரலை எழுதியவன். வாயைத் திறந்தால் கூரை அதிரும். அதனால் அவனுக்கு இடி என்று பெயர். முப்பது வயதிலேயே தலை பஞ்சாய் நரைத்துப்போன இன்னொருவருக்குத் தாத்தா என்று பெயர். தன்னைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்று கூப்பிடுவதை அவள் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பின்னறையில் கடைச் சரக்கு நிறைந்து உட்கார இடமில்லாமல் போனது. இடி வேலைக்காக வேறு ஊர் போனான். தாத்தாவுக்குக் கல்யாணம் ஆனது. ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்ததும் கூட்டம் இணையத்துக்குப் போனது. வசதிதான். எங்கெங்கோ இருந்தெல்லாம் புதியவர்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டுத் திரையில் கறுப்புக் கட்டங்களாக நின்றார்கள். இடி பேசுவான். முடித்துவிட்டு, "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்பான். கிணற்றில் கல் போட்ட மாதிரி இருக்கும். "சரி, அப்ப அடுத்த வாரம் பாப்போம்" என்று கட்டங்கள் ஒவ்வொன்றாய் மறையும். எப்போதாவது ஒருவர் பேச வாயெடுத்தாலும் சத்தம் வராது. "மைக் ஆஃப்ல இருக்கு, ஆன் பண்ணுங்க" என்று அக்காதான் சொல்வாள். சொல்லிச் சொல்லி அதுவே அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வாரா வாரம் கட்டங்கள் குறைந்தன. இப்படியே போனால் தானும் இடியும் மட்டும் மிஞ்சுவோம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அப்படியொரு சனிக்கிழமை. இடி வழக்கம்போல எதையோ நீட்டி முழக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு கட்டத்திலிருந்து பெண் குரல் கேட்டது. "இன்னும் குளிக்காம அந்தப் பொட்டி முன்னாடி என்ன பண்றீங்க? தண்ணி நிக்கப் போவுது!"

தாத்தாவின் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. "இவன் இப்போதைக்கு நிறுத்த மாட்டான். நான் போய் குளிச்சிட்டே வந்துடறேன்."

தன் மைக் திறந்து கிடப்பது பாவம் அவருக்குத் தெரியாது. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. இன்னொன்று. கறுப்புக் கட்டங்கள் எல்லாம் மைக்கைத் திறந்து சிரித்தன. "உங்க வீட்லயும் தண்ணி நிக்குதா?" என்று ஒருவர் கேட்டார். யார் தெருவில் எப்போது தண்ணீர் வரும் என்று பேச்சு ஓடியது. அந்த அமளிக்கு நடுவே, ஒரு பள்ளி நூலகத்தில் வேலை செய்யும் பெண் சாதாரணமாகச் சொன்னாள். "எங்க ஸ்கூல்ல தண்ணிக்கு நிக்கிற வரிசைய விட புத்தகம் திருப்பிக் குடுக்கிற வரிசை பெருசு. ஒரு புத்தகத்துக்கு நம்ம சாஃப்ட்வேர்ல அத்தனை திரை மாத்த வேண்டியிருக்கே."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் மாதக்கணக்கில் வருகிறவள். இதுவரை வாயே திறந்ததில்லை.

அன்றைக்குத்தான் அக்காவுக்கு உறைத்தது. சைக்கிள் கடையிலும் நல்ல யோசனைகள் கூட்டம் நடக்கும்போது வந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போடும்போதும், கரண்ட் போய் எல்லாரும் வாசலில் நிற்கும்போதும்தான் வந்தன. இணையத்துக்கு மாறியபோது கூட்டத்தை மட்டும் தூக்கி வந்திருந்தார்கள். வாசல் அங்கேயே நின்றுவிட்டது.

மாலையில் இடி போனில் கூப்பிட்டான். குரலில் அதிர்வே இல்லை.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சிட்டாங்கல்ல அக்கா?"

"சிரிச்சாங்கதான். ஆனா சிரிச்ச பிறகு பேசினாங்க. அதைக் கவனிச்சியா?"

"நான் வாயை மூடிட்டா கூட்டத்துல ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"ஓட்டுவோமே. கொஞ்ச நாள் ஈ ஓட்டித்தான் பாப்போம். உனக்குத் தெரிஞ்சதை முன்னாடியே எழுதி அனுப்பிடு. கூட்டத்துல மத்தவங்க பேசட்டும்."

"நீ சொல்றதால கேக்குறேன்" என்று அவன் போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாலும் மூன்றாம் நாள் எழுதி அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் முதல் அக்கா கூட்டத்தைச் சீக்கிரமே திறந்து வைத்தாள். அந்த நேரத்தில் வேலைப் பேச்சு கிடையாது. பாத்திரம் துலக்கலாம், குழந்தையை அதட்டலாம், மைக் மட்டும் திறந்திருக்க வேண்டும். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்பதையும் விட்டாள். "நேத்து உங்க நூலகத்துல என்ன தகராறு பண்ணுச்சு?" என்று ஆளைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். தானே ஏதாவது சொல்லி நிரப்பிவிட நாக்கு துறுதுறுக்கும். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பொறுத்திருப்பாள்.

அப்படிப் பொறுத்திருந்த ஒரு நேரத்தில்தான் திரையோரம் ஒரு வரி வந்து விழுந்தது. நிழல் என்ற பெயரில் நுழைகிறவர் தட்டச்சு செய்திருந்தார். நிரலில் இருக்கும் பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தி அனுப்புகிற ஆள். முகம், குரல் எதுவும் யாருக்கும் தெரியாது. அக்கா அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். "நிழல் சொல்றதுல நியாயம் இருக்கு. மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் அவருடைய செய்தி வந்தது. 'நன்றி அக்கா. எனக்குப் பேச்சு திக்கும். நான் ஆரம்பிப்பதற்குள் மற்றவர்கள் முடித்துவிடுவார்கள்.'

அன்றிலிருந்து தட்டச்சு செய்கிறவர்களின் வரிகளையும் பேச்சுக்குச் சமமாகப் படிப்பது வழக்கமாயிற்று. அவருடைய காரணத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட வேண்டிய வாரம் வந்தது. காரசாரமான வாக்குவாதம். உடனே வெளியிடலாம் என்று பாதிப் பேர், பொறுக்கலாம் என்று பாதிப் பேர். நிழல் வேகவேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒரு வரியைப் படிப்பதற்குள் பேச்சு நாலு வீடு தள்ளிப் போய்விட்டது. சட்டென்று நிழலின் மைக் திறந்தது.

"அ... அ... அதை..."

எல்லாரும் அடங்கினார்கள். அடுத்த சொல் வரவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா திரையில் இடியின் முகத்தைப் பார்த்தாள். யார் வாக்கியத்தையும் பாதியில் பிடுங்கித் தானே முடிப்பவன் அவன். எங்கே இதையும் பிடுங்கிவிடுவானோ என்று பயந்தாள். இடி வாய் திறக்கத்தான் போனான். பிறகு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை.

"அதை வெ... வெளியிட்டா, பழைய பதிவு எல்லாம் அ... அழிஞ்சிடும்."

எங்கே அழியும், ஏன் அழியும் என்று நிழல் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு சொல்லி முடித்தார். யாரும் குறுக்கே வரவில்லை. கடைசியில் இடி கையை எடுத்தான்.

"தப்பு என்னோடதுதான்" என்றான், அவனுக்கு வராத மெல்லிய குரலில். "ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணலாமா?"

பதிப்பு தள்ளிப் போனது. எத்தனையோ நூலகங்களின் பதிவுகள் தப்பின. அன்று அக்கா மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கணவர் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, நல்லா இருந்துச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பொற்காலம். கூட்டத்தை ஆளுக்கொரு வாரம் நடத்தினார்கள். நிழல் நடத்தும் வாரத்தில் கூட்டம் மெதுவாகத்தான் போகும். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு இவர்களைவிடப் பெரிய குழு ஒன்று அந்த மென்பொருளைத் தன்னோடு இணைத்துக்கொண்டதால் கூட்டமும் முடிவுக்கு வந்தது. வருத்தப்பட ஒன்றுமில்லை, பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த மாதிரிதான். கடைசிக் கூட்டத்தில், "சரி, அப்ப வைக்கிறேன்" என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரும் வைக்கவில்லை. யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் இருந்தார்கள்.

போன மாதம் ஒரு மதியம். அக்கா திரும்பி வந்த புத்தகங்களைத் தலை நிமிராமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி யாரோ மேசை முன்னால் வந்து நின்றார்.

"இ... இங்க நூலகர்..."

அவள் கை நின்றது. அந்த முகத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"நிழலா?"

அந்த உயரமான மனிதர் வாய்கொள்ளாமல் சிரித்தார். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம். அக்கா இடிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அவன் போட்ட கூச்சல் ஸ்பீக்கர் இல்லாமலே நூலகம் முழுக்கக் கேட்டது. படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போட்டால் முறைக்கிற அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி, வெளிய போய் உக்காந்து பேசலாம்" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.